மஞ்சள் கடுதாசி வந்தால்... மலைக் குடியானவர் எந்த வக்கீலிடம் போக வேண்டும்?

போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. பக்கத்தில் கொட்டகுடி ஆறு. அண்ணாந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன். மலைச்சரிவு எல்லாம் ஏலம், காப்பி, மிளகு. கீழே போடியில் ஏலக்காய் வியாபாரம்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஏலக்காய்தான் எல்லாம். ஏலக்காயை நம்பிக் கல்யாணம் வைப்பார்கள். ஏலக்காயை நம்பி வீடு கட்டுவார்கள். ஏலக்காயை நம்பிக் கடனும் வாங்குவார்கள்!

ஆனால் ஏலக்காய் விலை ஒரே இடத்தில் நிற்பது இல்லை. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம். தோட்டங்கள் அழிந்தன. சரக்கு குறைந்தது. 2019 ஆகஸ்டு மாதம் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7 ஆயிரம் ரூபாய் வரை போயிற்று. எல்லோரும் மலையைப் பார்த்து ஓடினார்கள். குத்தகை ஏறியது. கடன் வாங்கிச் செடி வைத்தார்கள்.

ஏலச்செடி நட்ட உடனே காய்க்காது. பலன் எடுக்க மூன்றாவது வருஷம் ஆகும். அதற்குள் விலை இறங்கிவிட்டது. 2022-ல் சராசரி விலை கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் கீழே போயிற்று. 7 ஆயிரம் ரூபாய் விலையைப் பார்த்துக் கடன் வாங்கியவர், ஆயிரம் ரூபாய் விலையில் கடனை அடைக்க வேண்டும். எப்படி அடைப்பார்?

ஒரு நாள் தபால்காரர் வருகிறார். கையில் ஒரு நோட்டீசு!

பரணில் போன கடிதம்

நோட்டீசு வந்ததும் பல வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா?

"என்னங்க, ஏதோ வக்கீல் கடுதாசி வந்திருக்கு" என்பாள் மனைவி.

"சும்மா பயமுறுத்துறான். அதைத் தூக்கிப் பரண் மேலே போடு" என்பார் கணவர்.

பரணுக்குப் போன கடிதம் அங்கேயே கிடக்கும். ஆனால் வழக்கு கிடக்காது. அது தன் போக்கில் நடக்கும். நீங்கள் கோர்ட்டுக்கு வரவில்லை என்றால், எதிரி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு ஆகிவிடும். இதற்கு "எக்ஸ் பார்ட்டி டிக்ரி" என்று பெயர். அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற 12 வருஷம் அவகாசம் உண்டு. 12 வருஷத்துக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் அமீனா வந்து வாசலில் நிற்கலாம்.

கடன் மட்டும் குடும்பத்தைக் கெடுப்பது இல்லை. வெட்கமும் தாமதமும் சேர்ந்தே கெடுக்கின்றன. சட்டம் குடியானவருக்குச் சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அவற்றைக் கெடுவுக்குள் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்த வக்கீல் வேண்டும்.

"ஐ.பி. போட்டுவிட்டான்!"

கடனைத் தீர்க்க முடியாதவர் கோர்ட்டுக்குப் போய், "எனக்கு இவ்வளவு சொத்து, இவ்வளவு கடன். என்னால் தீர்க்க முடியவில்லை" என்று சொல்லலாம். இதற்குத் திவால் மனு என்று பெயர். ஊரில் "ஐ.பி. போட்டுவிட்டான்" என்பார்கள். "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்றும் சொல்வார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு மஞ்சள் காகிதத்தில் நோட்டீசு போனதால் வந்த பேச்சு என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

இது எந்தக் காலத்துச் சட்டம் தெரியுமா? 1920-ஆம் வருஷத்துச் சட்டம்! வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் எழுதி இருக்கிறது. அன்றைக்கு 500 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு கிலோ ஏலக்காய்கூட வாங்க முடியாது.

2016-ல் நாடு முழுவதற்கும் புதிய திவால் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கு அது பயன்படுகிறது. தனி மனிதர்களுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1-ந்தேதி முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். குரங்கணிக் குடியானவருக்குப் பழைய 1920-ஆம் வருஷச் சட்டம்தான் வழி.

அமெரிக்காவிலும் விவசாயி கடன் படுகிறான். 1980-க்குப் பிறகு அங்கே பல பண்ணைகள் கடனில் மூழ்கின. 1986-ல் திவால் சட்டத்தில் 12-ஆம் அத்தியாயம் என்று, குடும்ப விவசாயிக்காகவே தனி வழி செய்தார்கள். நிலத்தை வைத்து உழுதுகொண்டே, 3 வருஷம் முதல் 5 வருஷத்துக்குள் கோர்ட்டு ஒப்புக்கொண்ட திட்டப்படி கடனைக் கட்டலாம். முதலில் தற்காலிகமாக வந்த அந்த ஏற்பாடு, 2005-ல் நிரந்தரம் ஆயிற்று. நம் 1920-ஆம் வருஷச் சட்டத்தில் விவசாயிக்கு என்று அப்படித் தனி அத்தியாயம் இல்லை.

நம் பக்கத்திலும் குடியானவரை நினைத்துச் சட்டம் செய்த காலம் உண்டு. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. பழைய கடன்களின் வட்டி பாக்கியைத் தள்ளியது. அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டி முடித்தவரின் பழைய கடன் தீர்ந்ததாக வைத்தது.

திவால் மனு எதைக் காப்பாற்றும்? எதைக் காப்பாற்றாது?

மனுவை ஏற்று, ஒருவரைத் திவால் ஆனவர் என்று கோர்ட்டு அறிவித்தால், அவருடைய சொத்து ரிசீவர் கைக்குப் போகும். ரிசீவர் என்பவர் கோர்ட்டு நியமிக்கும் அதிகாரி. அவர் சொத்தை விற்று, கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். அதன் பிறகு தனித்தனிக் கடன்காரர்கள் கோர்ட்டு அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது.

எல்லாச் சொத்தும் போய்விடுமா? போகாது. சிவில் சட்டத்தின் 60-வது பிரிவு சிலவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவற்றைத் தொடக் கூடாது. விவசாயிக்கு அதற்கு மேலும் பாதுகாப்பு உண்டு. உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடுகள், விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றையும் ஜப்தி செய்யக் கூடாது. ஆனால் தானே பயிர் செய்து, அந்த வருமானத்தில் பிழைப்பவரையே சட்டம் விவசாயி என்கிறது. டவுனில் கடை வைத்துக்கொண்டு, பெயருக்குத் தோட்டம் வைத்திருப்பவர் இதைக் கேட்க முடியாது.

இப்போது எச்சரிக்கை!

நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்திருந்தால், ஐ.பி. போட்டாலும் அடமானக்காரரின் உரிமை போகாது. அவர் தன் அடமானச் சொத்தின் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

சொத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். மனுப் போடுவதற்கு முன்பு மைத்துனர் பெயருக்கும் மருமகன் பெயருக்கும் எழுதி வைத்தாலும் தப்ப முடியாது. உண்மையான விலை வாங்காமல் எழுதிக் கொடுத்திருந்தால், 2 வருஷத்துக்கு உட்பட்ட பத்திரங்களை ரத்து செய்ய வழி உண்டு.

திவால் ஆனவர் என்று அறிவித்த பிறகு, கோர்ட்டு சொன்ன கெடுவுக்குள் "என்னை விடுவியுங்கள்" என்று மறுபடியும் மனுப் போட வேண்டும். போடாவிட்டால் எல்லாமே ரத்து ஆகும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். விடுவிக்கும் வரை பஞ்சாயத்துத் தேர்தலில்கூட நிற்க முடியாது.

"கடனுக்காக ஜெயிலில் போட்டுவிடுவார்களா?" என்று பயப்படுகிறவர்கள் பலர். 1980-ல் கொச்சி பாங்கி சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. கட்ட வசதி இருந்தும் ஏமாற்றுகிறவரை ஜெயிலில் வைக்கலாம். கையில் ஒன்றும் இல்லாதவரை, இல்லாத குற்றத்துக்காக ஜெயிலில் வைக்கக் கூடாது. தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

செக் கொடுத்து அது திரும்பி வந்தால் கதை வேறு. அது கிரிமினல் வழக்கு. நோட்டீசு கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்கு வரும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள்!

பாங்கி வந்தால்...

பாங்கிக் கடனில் இன்னொரு சட்டம் வருகிறது. 2002-ஆம் வருஷத்துச் சட்டம். கோர்ட்டுக்குப் போகாமலே, 60 நாள் நோட்டீசு கொடுத்து, அடமானச் சொத்தைப் பாங்கி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது! இது குடியானவருக்குப் பெரிய கேடயம். கேடயத்தைத் தூக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எது விவசாய நிலம்? இந்தியன் பாங்கி போட்ட ஒரு அப்பீல் தமிழ்நாட்டில் இருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2018-ல் தீர்ப்பு வந்தது. ரெவினியூக் கணக்கில் என்ன எழுதி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, நிலத்தின் தன்மை என்ன, எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. 2023 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு. விவசாய நிலம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது.

ஆகவே சிட்டா, அடங்கல், நிலவரி ரசீது, உரம் வாங்கிய பில், ஏலக்காய் விற்ற பட்டியல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். பாங்கி சொத்தை எடுக்க நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் டிரிபியூனலில் மனுப் போட வேண்டும். 45 நாள் என்றால் ஒன்றரை மாதம். பரணில் கடிதம் தூங்கினால் அந்த ஒன்றரை மாதம் ஓடிவிடும்.

"அரசாங்கம் கடனைத் தள்ளுபடி செய்யுமே" என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2021-ல் தமிழக அரசாங்கம் 12 ஆயிரத்து 110 கோடி ரூபாய் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அது கூட்டுறவு பாங்கிக் கடன். ஊர்ப் பெரியவரிடம் எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டுக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று வாங்கினால், அதற்கு 2003-ஆம் வருஷச் சட்டம் உண்டு. வாங்குகிறவருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

உள்ளூர் வக்கீல் ஏன்?

மதுரையில் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். சென்னையில் இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். குரங்கணிக்காரர் ஏன் உள்ளூர் விவரம் தெரிந்தவரைத் தேட வேண்டும்?

இந்த மலைக்கு இரண்டு பக்கம். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். போடியில் குடியிருந்துகொண்டு, இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். வீடு தமிழ்நாட்டில், நிலம் கேரளத்தில், கடன் இரண்டு பக்கமும்!

வழக்கு வந்தால் எந்தக் கோர்ட்டு? நிலத்தின் மீது உள்ள அடமான வழக்கு, நிலம் இருக்கும் ஊர்க் கோர்ட்டுக்குப் போகும். திவால் மனு, கடன்பட்டவர் குடியிருக்கும் ஊர் அல்லது தொழில் செய்யும் ஊர்க் கோர்ட்டுக்குப் போகும். கேரளத்தில் 2006-ஆம் வருஷச் சட்டப்படி விவசாயிகள் கடன் நிவாரணக் கமிஷன் இருக்கிறது. அது கேரளத்துக்கு உரியது. குரங்கணியில் உள்ள நிலத்தைக் காட்டி அங்கே மனுப் போட முடியாது.

நிலத்தின் உரிமையிலும் சிக்கல் உண்டு. கேரளத்து ஏலமலைக் காடு பற்றித் திருவிதாங்கூர் சர்க்கார் 1897-ல் ஓர் அறிவிப்புச் செய்தது. அது காடா, ரெவினியூ நிலமா என்ற தகராறு இன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போய் இருக்கிறது. அங்கே புதிதாகப் பட்டா கொடுக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டார்கள். ஒருவர் தோட்டத்தை வைத்திருப்பது பட்டாவிலா, குத்தகையிலா, வெறும் அனுபவத்திலா என்று பார்க்காமல் மனு எழுதினால், மனு நிற்காது.

இதை எல்லாம் ஒரு மலைப்பக்கத்து வக்கீல் முதல் நாளே கேட்பார். வேறு ஊர்க்காரர் இரண்டாவது வாய்தாவில்தான் கேட்பார்.

வக்கீலைப் பார்த்து வைப்பது எப்படி?

நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. அது பார் கவுன்சில் விதி. ஆகவே விளம்பரத்தைப் பார்த்துத் தேட முடியாது. ஆளைக் கேட்டுத்தான் தேட வேண்டும். கோர்ட்டு வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் தரகரிடம் கேட்காதீர்கள். இதே போன்ற வழக்கு நடத்தி முடித்த குடியானவரிடம் கேளுங்கள்.

வக்கீலைப் பார்க்கும்போது கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

"ஐயா, நீங்கள் திவால் வழக்கு நடத்தி இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். சிவில் வழக்கு நடத்துகிற எல்லோரும் திவால் வழக்கு நடத்துவது இல்லை.

"ஐ.பி. போடாமலே தீர்க்க வழி உண்டா?" என்று கேளுங்கள். நல்ல வக்கீல் முதலில் சமரசத்தைப் பார்ப்பார். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால், அதன் மேல் அப்பீல் கிடையாது. கோர்ட்டில் இருந்து அங்கே போன வழக்கு என்றால், கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

"பீஸ் எவ்வளவு? எப்போது எப்போது கட்ட வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரசீதும் வாங்குங்கள். "ஜெயித்தால் நிலத்தில் பாதி எனக்கு" என்று பேசும் வக்கீலிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். வழக்கில் பங்கு கேட்பது விதிப்படி தப்பு.

எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்தில் போடும்போதும் அது என்ன காகிதம் என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது.

நீங்களும் அவரிடம் ஒன்றையும் மறைக்காதீர்கள். நகைக் கடன், கைமாற்று, மாமனாரிடம் வாங்கியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனுவில் ஒரு கடன் விட்டுப்போனாலும் எதிரி வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

பீஸ் கொடுக்க வசதி இல்லையா? 1987-ஆம் வருஷச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே கொடுக்க வேண்டும். குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. 15100 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்தால் வழி சொல்வார்கள்.

உங்களுக்கு மஞ்சள் கடுதாசி வந்தால்...

இதுவரை கடன் பட்டவரின் கதை. கடன் கொடுத்தவரின் கதையும் உண்டு. குடியானவர் மூட்டை மூட்டையாக ஏலக்காயைக் கடனுக்குப் போடுகிறார். வாங்கிய வியாபாரி ஐ.பி. போட்டுவிடுகிறார். மஞ்சள் கடுதாசி இப்போது குடியானவர் வீட்டுக்கு வருகிறது.

"போச்சு, பணம் போச்சு" என்று அதையும் பரணில் போடாதீர்கள்! குறித்த நாளில் கோர்ட்டுக்குப் போங்கள். உங்கள் பணத்துக்கு அத்தாட்சி காட்டிப் பட்டியலில் பெயரைச் சேருங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பங்கு இல்லை. அவர் கடைசி 2 வருஷத்தில் யார் பெயருக்குச் சொத்து எழுதினார் என்று சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இருந்தால் வக்கீல் மூலம் ரிசீவரிடம் சொல்லுங்கள்.

பிராமிசரி நோட்டு வாங்கியவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அதன் ஆயுள் 3 வருஷம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். அல்லது 3 வருஷம் முடிவதற்குள் ஒரு தொகை வரவு வைத்து, கடன்பட்டவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

வீட்டில் பரண் இருக்கிறதா? ஏறிப் பாருங்கள். பிரிக்காத கவர் இருந்தால் பிரித்துப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கோர்ட்டு, என்ன தேதி என்று இரண்டை மட்டும் முதலில் பாருங்கள். கவரையும் தூக்கி எறிய வேண்டாம். எந்த நாள் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பிறகு நிலப் பத்திரம், பட்டா, கடன் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வக்கீல் வீட்டுக்குப் போங்கள். கடனை வாங்கியது ஒருவர் என்றாலும் சுமப்பது இருவரும்தானே!

காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போக யாரும் வெட்கப்படுவது இல்லை. கடன் வந்தால் வக்கீலிடம் போகவும் வெட்கப்பட வேண்டாம். ஏலக்காய் விலை இன்னொரு வருஷம் ஏறும். அந்த வருஷம் வரும்போது தோட்டம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.